வைரசு வெளியேறும் வாசல்

காலபோக நெல்லைச் சூடடித்து முடித்த கண்டாவளைக் கமக்காரர் ஒருவரிடம், அறுவடை வேலையில் இறுதியானது எதுவென வினவினால், சாக்கின் வாயைத் தைப்பதே என்பார். நெல்லை எவ்வளவு பக்குவமாய்த் தூற்றி அள்ளி நிறைத்தாலும் வாய் தைக்கப்படாத சாக்கு வண்டியேறாது. அது களத்திலேயே நிற்கும். ஊசியும் நூலும் வந்து, கழுத்தை இறுக்கி, எஞ்சிய நூலை அறுத்த பின்னரே அது மூட்டை என்னும் பெயரைப் பெறுகின்றது.

மனித உடலின் கலத்தினுள் உருவாகும் வைரசுக்கும் இதே நிலைமை உண்டு. பல வைரசுகள் தாம் புகுந்த கலத்தின் மென்சவ்வையே சாக்காகப் போர்த்துக்கொண்டு வெளியே புறப்படுகின்றன. மென்சவ்வு ஓரிடத்தில் மெல்லப் புடைத்து, செடியில் அரும்பு தோன்றுவதுபோல் வெளிநோக்கி வளர்கின்றது. இதனாலேயே விஞ்ஞானிகள் இச்செயலை அரும்புதல் என்றனர். அரும்பு முழுதாய் உருண்ட பின்னும், அதன் கழுத்து இறுகி அறுபட்டாலன்றி வைரசு விடுபட மாட்டாது. கழுத்தை இறுக்கும் ஊசியும் நூலும் வைரசிடம் இல்லை. அவை வீட்டுக்காரனாகிய கலத்தினுடைய உடைமைகள். வீட்டுக்குள் நுழைந்த கள்வன், வீட்டுத் துணியிலே பொருளைக் கட்டி, வீட்டு வேலைக்காரனைக் கொண்டே மூட்டையைத் தைப்பித்துக்கொண்டு போகின்றான் என்பது இதன் சுருக்கம்.

இவ்வுண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. அதனை அறிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அதற்குக் காரணமாய் நின்ற வைரசு எயிட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. ஆகும். அவ்வரலாற்றின் தொடக்கத்திலும் பிற்பகுதியிலும் தென்னிந்தியாவுக்கு ஓர் இடம் உண்டு.

எல்லா வைரசுகளும் இவ்வாறு அரும்புவன அல்ல என்பதை முதலிற் குறிப்பிட வேண்டும். இளம்பிள்ளைவாதத்தைத் தரும் வைரசுக்கு மென்சவ்வுப் போர்வை கிடையாது. அது பெரும்பாலும் கலத்தை அழித்து உடைத்துக்கொண்டே வெளிவரும். சின்னமுத்து, நீர்வெறுப்பு நோய், இன்புளுவன்சா, டெங்கு, எச்.ஐ.வி. ஆகியவற்றின் வைரசுகளோ போர்வையுடையவை. போர்வை வேண்டுமாயின் அரும்பியே தீரவேண்டும்.

1981 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞருக்கு உண்டான அரிய நுரையீரல் நோய் பற்றி ஐக்கிய அமெரிக்காவின் சுகாதார அறிக்கையொன்று கூறிற்று. எயிட்ஸ் உலகுக்கு அறிமுகமானது அவ்வாறே. இரண்டாண்டுகள் செல்லுமுன், 1983 இன் தொடக்கத்தில், பாரிஸ் நகரப் பாஸ்ற்றர் நிலையத்தில் நோயாளி ஒருவரின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த கலங்களைப் பிரான்சுவா பாரே-சினூசியும் லுக் மொந்தாஞியேயும் அவர்தம் தோழரும் வளர்த்தனர். அவற்றில் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ.யை எழுதும் நொதியம் காணப்பட்டது. ஆயினும் நொதியம் வைரசின் அடிச்சுவடேயன்றி அதன் உருவம் அன்று. உருவத்தைக் காட்டியவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியை இயக்கிய சார்ல் தோகே என்பவர். அவ்வாண்டு பெப்ரவரி மாதத்தில் அவர் எடுத்த படங்களில் அவ்வைரசு கலத்தின் ஓரத்தில் அரும்பிக்கொண்டிருக்கும் நிலையிற் காட்சி தந்தது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அந்தக் கண்டுபிடிப்பின் முதற் படமே, வாசலைத் தாண்டும் கள்வனின் படமாக அமைந்தது. அவன் எவ்வாறு தாண்டுகின்றான் என்று அப்பொழுது எவரும் கேட்கவில்லை. அவன் யார் என்பதே அன்றைய பெருங்கேள்வி.

இந்தியாவில் அக்கேள்விக்கு முதல் விடை சென்னையில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியற் பேராசிரியராக விளங்கிய சுனீதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆராய்ச்சிப் பொருளாக எயிட்ஸ் நோயைத் தேடும் வேலையைக் கொடுத்தார். இந்நோய் மேல்நாட்டாரின் ஒழுக்கக் கேட்டால் வருவது, நம் நாட்டை அணுகாது என்று படித்தவரும் நம்பியிருந்த காலம் அது. அந்த நம்பிக்கை எவ்வளவு இனிமையாக இருந்ததோ அவ்வளவு ஆபத்தானதாகவும் இருந்தது. நிர்மலா அரசினர் மருத்துவமனைக்கும், பெண்கள் காவலில் வைக்கப்பட்டிருந்த இல்லத்துக்கும் சென்று, பாலியல் தொழிலில் அகப்பட்டிருந்த பெண்களுடன் பேசிப் பழகி, அவர்களிடம் இரத்தம் பெற்றார். சேகரித்தவற்றை வைப்பதற்கு வேறிடம் இன்றி வீட்டுக் குளிர்ப்பெட்டியிலே வைத்திருந்தார்.

1986 பெப்ரவரியில், தம் கணவரின் துணையுடன், அவர் அக்குப்பிகளை இரயிலில் ஏற்றி வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றார். அங்கு யேக்கப் ஜோன் என்ற வைரசியல் அறிஞரின் ஆய்வுகூடத்தில் பரிசோதனை நிகழ்ந்தது. பரிசோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சள் நிறங் கொண்டன. ஒருமுறைக்கு இருமுறை பார்த்தும் நிறம் மாறவில்லை. பின்னர் ஐக்கிய அமெரிக்காவிலும் பரிசோதித்து உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ் நாட்டின் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டசபையிலே செய்தியை அறிவித்தார். மறுத்துரைத்தவர் பலர்; பரிசோதனை பிழை என்றவர் சிலர்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பேராசிரியரையும் மாணவியையும் புகழ்ந்து அமைவது வழக்கம். புகழுக்கு அவர்கள் உரியவரே. 1993 இல் சுனீதி சாலமன் நிறுவிய வை.ஆர்.ஜி. கேர் நிலையம் எத்தனையோ குடும்பங்களுக்கு அடைக்கலமாயிற்று, அவர் மறைந்த பின் 2017 இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டது. ஆயின் இரத்தம் தந்த பெண்களை மறந்துவிடலாகாது. தமக்கு என்ன நோய் என்று அறியாமலே இரத்தம் தந்தவர் அவர்கள். அதன் பின்னைய ஆண்டுகளில், நோய் காணப்பட்ட காரணத்தால் காவல் இல்லத்திலிருந்து விடப்படாமல் வைக்கப்பட்ட பெண்களும் இருந்தனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் தொடுத்த வழக்கின்பேரில், 1990 இலேயே சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்கு விடுதலை அளித்தது. கள்வன் புகுந்த வீட்டையே சிறையிட்ட கதை அது.

இலங்கையில் இவ்வைரசு முதன் முதலாக 1986 இல் வெளிநாட்டவர் ஒருவரிடமும், 1987 இல் இலங்கையர் ஒருவரிடமும் காணப்பட்டது.

இனி வாசலின் கதைக்கு வருவோம். எச்.ஐ.வி. துணிக்கை மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றரைப் பதினாயிரங் கூறாக்கினால் ஒரு கூறளவே அதன் குறுக்களவு. அதன் உடலைக் கட்டுவது காக் எனப்படும் ஒரே புரதம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காக் மூலக்கூறுகள் கலத்தின் மென்சவ்வுக்கு உட்புறத்தில் ஒன்றோடொன்று நெருங்கிக் கூடும்போது, மென்சவ்வு அவற்றின் வளைவுக்கு இணங்கி வெளியே புடைக்கின்றது. இவ்வளவையும் வைரசு தானே செய்துகொள்ளும். காக் புரதத்தின் கடைக்கோடியில் ஐம்பத்திரண்டு அமினோ அமிலங்களாலான சிறு வால் ஒன்று உண்டு. அதற்குப் பீ-6 என்று பெயர். அவ்வாலுக்கு என்ன வேலை என்பது நெடுநாள் விளங்காமல் இருந்தது.

1991 இல் பொஸ்ற்றன் நகரில் ஐன்ரிக் கொட்லிங்கரும் தோழரும் அவ்வாலைக் கெடுத்துப் பார்த்தனர். வைரசு உருவாயிற்று, அரும்பிற்று, உருண்டது. ஆனால் கலத்தை விட்டு அகலவில்லை. நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, கலத்தின் மேற்பரப்பெங்கும் காம்பு அறாத காய்கள்போல் வைரசுகள் தொங்கின. நெல் நிறைந்த சாக்குகள் வாய் தைக்கப்படாமல் களம் முழுவதும் நின்றன என்றே சொல்லலாம். பின்வந்த ஆராய்ச்சிகள், அவ்வாலிலும் நான்கே அமினோ அமிலங்கள்தாம் இன்றியமையாதவை என்று காட்டின: புரோலின், திரியோனின், அலனின், மீண்டும் புரோலின். இவற்றுள் ஒன்று பிசகினாலும் வாசல் அடைபட்டது.

அக்காலத்தில் பென்சில்வேனியாவில் யோன் வில்சின் குழுவினர் கோழிகளுக்குப் புற்றுநோய் தரும் வைரசு ஒன்றை ஆராய்ந்தனர். 1911 இல் பெய்ற்றன் ரௌஸ் கண்டறிந்த பழைய வைரசு அது. அதற்கும் இதுபோன்றதொரு சிறு துண்டு உண்டு. ஆனால் எழுத்துக்கள் வேறு. 1995 இல் அவர்கள் கண்டது வியப்பிற்குரியது. ஒரு வைரசின் துண்டை எடுத்து மற்றதில், அதுவும் வேறோர் இடத்தில், ஒட்டினாலும் வேலை நடந்தது. ஒரு பூட்டின் திறப்பு இன்னொரு பூட்டின் எந்தத் துளையிலும் திறக்குமா? திறக்காது. எனவே அத்துண்டு தானே கழுத்தை அறுக்கும் கத்தியன்று. வீட்டிலுள்ள யாரையோ அழைக்கும் குரல் என்பது ஊகிக்கப்பட்டது. எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும் வேலைக்காரன் வந்துவிடுவான் அல்லவா?

அழைக்கப்படுபவன் யார்? விடை வைரசுடன் தொடர்பில்லாத ஓரிடத்திலிருந்து வந்தது. கலிபோணியாவின் சன் தியேகோவில் ஸ்கொட் எம்ர் என்பவர், அப்பம் புளிக்கவும் பாண் பொங்கவும் உதவும் மதுவத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். கலம் தனக்கு வேண்டாத மென்சவ்வுப் புரதங்களைச் சிறு பைகளிற் கட்டி, அழிக்கும் இடத்துக்கு அனுப்பும் முறையே அவருடைய பொருள். வீட்டுக் குப்பையை வெளியேற்றும் வேலை எனலாம். அப்பைகள் அரும்பும் திசையை உற்று நோக்க வேண்டும். கலத்தினுள் வழக்கமாகத் தோன்றும் பைகள் கலச்சாற்றை நோக்கிப் பிதுங்குவன. அவற்றின் கழுத்தை வெளிப்புறமிருந்து வளைத்து அறுக்கலாம். குப்பைப் பைகளோ கலச்சாற்றை விட்டு விலகும் திசையிற் பிதுங்குகின்றன. அவற்றின் கழுத்தை உள்ளே நின்றுதான் இறுக்க வேண்டும். வைரசு அரும்புவதும் இத்திசையிலேயே. இவ்வேலையைச் செய்யும் புரதக் கூட்டங்களுக்கு 2001 இலும் 2002 இலும் எம்ர் குழுவினர் எஸ்கோட் என்னும் பெயரைச் சூட்டினர். நீண்ட தொடரொன்றின் முதலெழுத்துக்களாலான அப்பெயர் ஆங்கிலத்தில் வழித்துணை என்னும் பொருள் தரும் சொல்லைப்போல ஒலிப்பது. கள்வனுக்கும் வழித்துணை ஆகும் என்று பெயரிட்டவர் எண்ணியிருப்பாரோ என்னவோ!

அதே 2001 ஆம் ஆண்டில் இரு கதைகளும் ஒன்று கூடின. எஸ்கோட் கூட்டத்தின் முதலாவது புரதத்துக்கு மனிதரிடத்தில் ரீ.எஸ்.ஜி. 101 என்று பெயர். புற்றுநோய் ஆராய்ச்சியில் முன்னரே வேறொரு காரணத்துக்காக இடப்பட்ட பெயர் அது. நியூயோர்க் மாநிலத்தில் கரோல் காட்டரின் குழு, யூற்றாவில் வெஸ்லி சுண்ட்குயிஸ்ற்றின் குழு, நியூயோர்க் நகரில் போல் பினியாசின் குழு ஆகிய மூன்றும், எச்.ஐ.வி.யின் நான்கெழுத்துத் துண்டு பற்றிக்கொள்வது இந்தப் புரதத்தையே என்று தனித்தனியே நிறுவின. யூற்றாக் குழுவினர் மனிதக் கலங்களில் ரீ.எஸ்.ஜி. 101 உண்டாவதைத் தடுத்தனர். வைரசிடம் எக்குறையும் இல்லை. அதன் வாலும் முழுமையாக இருந்தது. இருந்தும் அது வெளியேறவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் பொஸ்ற்றனில் கண்ட அதே காட்சி: வாய் தைக்கப்படாத சாக்குகள்.

2003 இல் அலிக்ஸ் என்னும் இரண்டாவது துணைவனும் அறியப்பட்டான். ஒருவன் வாராவிடின் மற்றவனைக் கூப்பிட வைரசுக்கு வழியுண்டு. இவர்கள் இருவரும் அழைப்பாளரே. இவர்கள் வாயிலாக வந்து சேரும் வேறு புரதங்கள், அரும்பின் கழுத்தினுள்ளே நூல்போற் சுருண்டு அதனை ஒடுக்குகின்றன. வீ.பி.எஸ். 4 என்னும் நொதியம் சக்தியைச் செலவிட்டு அந்நூலைக் கழற்றி மீட்கின்றது. கழுத்து அறுந்து வைரசு வெளியே போய்விடுகின்றது. நூல் மறுபடியும் பயன்படுவதற்காகக் கலத்தினுள்ளே நின்றுவிடுகின்றது.

எபோலா வைரசும் இவ்வழியை நாடுவதே. எல்லா வைரசுக்கும் இது பொது என்று எண்ணிவிடக் கூடாது. இன்புளுவன்சா வைரசு தன் சொந்தப் புரதம் ஒன்றினாலேயே கழுத்தை அறுத்துக்கொள்கின்றது. சின்னமுத்து வைரசும் எஸ்கோட் கூட்டத்தை நம்பியிருப்பதாகக் காணப்படவில்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம்: வாசல் தெரிந்த பின் அதனை அடைத்துவிடலாகாதா? ரீ.எஸ்.ஜி. 101 இற்கு ஒரு மருந்து கொடுத்தால் எச்.ஐ.வி. உள்ளேயே சிறைப்படுமே! இக்கேள்விக்கு 2007 இல் வந்த விடை தடையாக நின்றது. ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது, பிள்ளைக் கலங்கள் இரண்டையும் இணைத்து நிற்கும் மெல்லிய கழுத்தை இறுதியில் அறுப்பதும் இதே எஸ்கோட் கூட்டந்தான் என்று அவ்வாண்டு தெரியவந்தது. வைரசு திருடுவது உடம்பு தன் உயிரை வளர்ப்பதற்கே வைத்திருக்கும் கருவியை. ஊசியை ஒளித்துவைத்தால் கள்வனின் மூட்டை மட்டுமா தைபடாமற் போகும்? கமக்காரனின் மூட்டையும் அப்படியே கிடக்கும். வைரசின் வாலுக்கும் அப்புரதத்துக்கும் இடையிலுள்ள பிடியை மாத்திரம் தளர்த்தும் வழியை ஆய்வுகூடங்கள் தேடுகின்றன, மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கு வழங்கும் மருந்துகளுள் இவ்வாசலை அடைக்கும் மருந்து இன்னும் இல்லை. வழங்கப்படும் மருந்துகள் வைரசின் சொந்த நொதியங்களையும் அது கலத்தினுள் நுழையும் வழியையும் போன்ற வேறிடங்களைத் தாக்குவன.

வீட்டிலும் காவல் இல்லாமல் இல்லை. 2008 இல் கண்டறியப்பட்ட தெதரின் என்னும் கலப்புரதம், அறுபட்டு வெளியேறிய வைரசையும் கயிறு கொண்டு கட்டியதுபோல் மென்சவ்வுடன் பிணைத்து நிறுத்துகின்றது. எச்.ஐ.வி.யோ அக்கயிற்றைக் களைவதற்கென்று தனியே ஒரு புரதத்தை வைத்திருக்கின்றது. இந்தப் போட்டியைக் கண்ட பின்னர், வைரசுக்கு அறிவில்லை என்று கூறுவதற்கு நா எழுவதில்லை. ஆயினும் அதற்கு அறிவில்லை. எண்ணிறந்த தலைமுறைகளும் அவற்றின் பிழைகளுமே உள்ளன.

அப்பிழைகளுள் ஒன்று இந்தியாவில் ஆராயப்பட்டது. இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் பெரும்பான்மையாகப் பரவியிருப்பது எச்.ஐ.வி.யின் சி என்னும் வகை. உலகில் இந்நோய் கொண்டோருள் ஏறத்தாழ அரைப்பங்கினரிடம் உள்ளதும் அதுவே. மேல்நாட்டு ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் ஆராயப்பட்டதோ பீ என்னும் வகை. தம் நாட்டு நோயைத் தாமே ஆராயவேண்டும் என்று கூறுவோர்க்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. பெங்களூரில் சவகர்லால் நேரு பெயரால் விளங்கும் உயர் விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தில் உதயகுமார் ரங்காவின் குழுவினர் சி வகையின் வாலை ஆராய்ந்தபோது, சில வைரசுகளில் அந்த நான்கெழுத்துத் துண்டு ஒன்றன்று, இரண்டாக இருப்பதைக் கண்டனர். எழுதும்போது ஒரே வரியை இருமுறை எழுதிவிட்ட பிழை போன்றது அது.

பிழையா, பேறா என்பதே கேள்வி. மருந்து உட்கொள்ளத் தொடங்காத 50 பேரை அவர்கள் நெடுகத் தொடர்ந்து நோக்கினர். அவர்களுள் 8 பேரிடம் ஒற்றைத் துண்டு வைரசும் இரட்டைத் துண்டு வைரசும் கலந்திருந்தன. ஒரே உடலில் இரண்டும் ஒருங்கே வாழ்ந்தமையால் எது மேலோங்குகின்றது என்று காண்பது எளிதாயிற்று. இரட்டைத் துண்டுடையதே மேலோங்கிற்று. ஆய்வுகூடத்தில் இரண்டையும் போட்டிக்கு விட்டபோதும் அதுவே வென்றது. அதன் காக் புரதம் ரீ.எஸ்.ஜி. 101 ஐக் கூடுதலான உறுதியுடன் பற்றுவதும் காணப்பட்டது. 2018 இல் இம்முடிவுகள் வெளியாயின. ஒருமுறை கூப்பிடுபவனைவிட இருமுறை கூப்பிடுபவனுக்கு வேலைக்காரன் விரைந்து வருகின்றான் என்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஒரு சிறு எழுத்துப் பிழை மனித உடலுக்குள் அத்தனை வலிமை பெறுகின்றது என்பதே வியப்பு.

கண்டாவளையிலும் இலங்கையின் ஏனைய பகுதிகளிலும் கருவுற்ற தாய்மார் கிளினிக்குக்கு வரும்போது எடுக்கப்படும் இரத்தத்தில் எச்.ஐ.வி.யும் கிரந்தி நோயும் பரிசோதிக்கப்படுகின்றன. தாயிடம் வைரசு காணப்பட்டால் உரிய மருந்து தொடங்கப்படும். மருந்தினால் அடங்கிய வைரசு பிள்ளைக்குச் செல்வது தடுக்கப்படும். தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரு நோய்களும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் உறுதிப்படுத்தியது. கிளினிக்கில் எடுக்கும் அந்தக் குப்பி இரத்தம், வேலூருக்கு இரயிலேறிய குப்பிகளின் வழியில் வந்தது. அன்று ஆறு குழிகள் மஞ்சள் நிறங் கொண்ட தட்டின் முன் நின்றவர்களுக்கு, தாம் கண்ட வைரசு எந்த வாசலால் வெளியே வந்தது என்பதை அறிய இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன.